கைத்தொலைபேசியின் மறைந்த கண்



பருத்தித்துறையில் வாழும் என் தமக்கையாருக்கும் கனடாவிலே குடியேறியிருக்கும் அவர் மகளுக்கும் இடையில் மூன்று கிழமைகளாகப் பேச்சு இல்லாமற் போயிற்று. அதற்குக் காரணம் ஓர் உளுந்தளவுகூட இல்லாத சிறு உறுப்பு என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் முதலில் நம்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மகள் அழைத்திருந்தாள். பேச்சின் நடுவே, "பொறுங்கோ அம்மா, அடுப்பிலே பால் பொங்குது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். தமக்கையார் கருவியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். திரை இருண்டு கிடந்தது. தொட்டுப் பார்த்தார், ஒளி வரவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதென்று எண்ணி மேசைமீது வைத்தார். அச்சமயம் பக்கத்து வீட்டு அம்மையார் வந்திருந்தார். அவரிடம் தம் மருமகனின் சிக்கனத்தைப் பற்றி நெடுநாளாய் மனத்தில் வைத்திருந்ததையெல்லாம் விரித்துரைத்தார். ஆனால், தொடர்பு அறுபடவே இல்லை. அடுப்படியிலிருந்து திரும்பிய மகள் ஒரு சொல்லும் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரை ஏன் இருண்டு நின்றது? மின்கலத்தில் வலு இல்லாமற் போயிருக்கும் என்று அறிந்தவள் போல் நான் சொன்னேன். அது பிழை. ஒரு திருத்தகத்திலோ, திரை முழுவதையும் மாற்றவேண்டும் என்றார்கள். அதற்கான பணத்தை மகளிடம் கேட்கக்கூடிய நிலையிலும் அவர் அப்போது இல்லை.

கருவியின் முன்புறம் முழுவதும் தொட்டால் இயங்கும் திரையாக அமைந்துவிட்டமையால் ஒரு சங்கடம் உண்டாயிற்று. விரலுக்கும் கன்னத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் திரை அறியாது. பேசுகையில் கன்னம் பட்டால் அழைப்பு அறுபடலாம். நம் குரல் எதிர்ப்புறம் கேளாதவாறு அடைபடலாம். இதனைத் தவிர்க்கும் பொருட்டே, காதில் வைத்துக் கேட்கும் துளைக்கு அருகில் அண்மை உணரி என்னும் உறுப்பை அமைத்தனர். 2007 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த முதலாவது ஐபோனிலேயே அது இருந்தது.

அதன் தொழில் மிக எளியது. ஒரு சிறு விளக்கு அகச்சிவப்புக் கதிரை விட்டு விட்டு வெளியே அனுப்பும். அருகில் கன்னமோ காதோ இருப்பின் அக்கதிரில் ஒரு பங்கு தெறித்துத் திரும்பும். பக்கத்திலுள்ள ஒளியுணர் இருவாயி அதனை அளக்கும். திரும்பிய ஒளி குறித்த அளவைத் தாண்டினால் திரை அணையும். குறைந்தால் மீண்டும் ஒளிரும். ஞாயிற்றின் ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்து, கண்ணுக்குத் தெரியாத இக்கதிரை 1800 ஆம் ஆண்டில் கண்டவர் வில்லியம் ஹெர்ஷல். யுரேனஸ் கோளைக் கண்டறிந்த அதே வானியலறிஞர்தான். அவர் கண்ட கதிர் இன்று நம் கன்னத்தைத் தொட்டுத் திரும்புகின்றது.

இங்கே மனத்திற் கொள்ளவேண்டியது யாதெனின், உணரி கன்னத்தைக் காண்பதில்லை. திரும்பி வரும் ஒளியை மாத்திரமே அறியும். திரைமேல் ஒட்டிய கண்ணாடிக் கவசமோ, அதன் விளிம்பில் சேர்ந்த எண்ணெய்ப் பசையோ ஒளியைத் திருப்பி அனுப்பினாலும், அருகில் முகம் இருப்பதாகவே அது கொள்ளும். அப்பொழுது அழைப்புத் தொடங்கியவுடன் திரை இருண்டு, காதிலிருந்து எடுத்த பின்னரும் இருண்டே நிற்கும். என் தமக்கையாருக்கு நேர்ந்தது இதுதான்.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. கருவி காதோடு இருக்கையிலேயே திரை ஒளிர்ந்து, கன்னம் பட்டு அழைப்பு அறுபடும். கருங்கூந்தல் கன்னத்தைப் போல் ஒளியைத் திருப்பி அனுப்பாது. காதை மூடிக் கூந்தல் விழுந்திருந்தால் உணரி ஏமாறலாம். காது மந்தமானவர்கள் சிலர் கருவியின் மேற்பக்கத்தைச் சற்று விலக்கிப் பிடிப்பர். அப்பொழுதும் இது நேரும். சில வேளை குறை மென்பொருளிலேயே இருக்கும். 2010 ஆம் ஆண்டில் ஐபோன் 4 வெளிவந்தபொழுது இவ்வகை முறைப்பாடுகள் எழுந்தன. அவ்வாண்டு செப்டெம்பரில் வெளியான ஐஓஎஸ் 4.1 மென்பொருளிலே அதற்கான திருத்தம் சேர்க்கப்பட்டது.

ஆகவே பணத்தை எடுத்துக்கொண்டு திருத்தகத்துக்கு ஓடுவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒருவரை அழைத்து, பேச்சு நடக்கையில் கருவியின் மேல்விளிம்பை விரலால் மூடுங்கள், திரை அணையவேண்டும். விரலை எடுத்தால் ஒளிரவேண்டும். மூடாமலே அணைந்திருப்பின் கவசத்தைக் கழற்றி, மெல்லிய துணியைச் சிறிதே நனைத்துத் துடைத்து, மீண்டும் பாருங்கள். ஊசியை மட்டும் அத்துளைக்குள் விடாதீர்கள். சாம்சுங் கருவி பலவற்றில், எண் தட்டும் இடத்திலே நட்சத்திரக் குறி, சதுரக் குறி, சுழியம், நட்சத்திரக் குறி, சதுரக் குறி என்று அழுத்தினால் ஒரு சோதனைப் பக்கம் திறக்கும். அதில் உணரியின் நிலையை நேரே காணலாம். திரை மாற்றிய பின்னர் இக்குறை தோன்றியதாயின், உணரியைச் சுற்றியிருக்கும் சிறு இறப்பர் உறையை மறந்தோ பிசகியோ பொருத்தியிருக்கிறார்களா என்று திருத்துநரைக் கேளுங்கள். அவ்வுறை பிசகினால் விளக்கின் ஒளி வெளியே போகாமல் உள்ளேயே உணரிக்குத் தாவும்.

வேறொரு வகைக் கருவியும் உண்டு. 2016 இல் வெளிவந்த ஷியோமி மி மிக்ஸ் கருவி ஒளிக்குப் பதிலாகக் காதுக்கு எட்டாத மிகையொலியை அனுப்பி, வௌவாலைப் போல் எதிரொலியால் முகத்தை அறிந்தது. அத்தகையவற்றில் விளக்கைத் தேடிப் பயனில்லை. ஒலி புகும் துளைகளையே கவனிக்கவேண்டும்.

தமக்கையாரின் கருவிக்கு வருவோம். ஒரு மாதத்துக்கு முன் ஒட்டிய தடித்த கண்ணாடிக் கவசத்தை நான் கழற்றினேன். மேல்விளிம்பில் தேங்காயெண்ணெயும் திருநீறும் சேர்ந்து ஒரு வெண்படலமாய்ப் படிந்திருந்தன. துடைத்தேன். விரலால் மூடினேன், அணைந்தது, எடுத்தேன், ஒளிர்ந்தது. செலவு ஒரு சதமும் இல்லை.

அன்றிரவே பெறாமகளை அழைத்து, உணரி, கவசம், திருநீறு எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பின்னர், "சின்னம்மா, திரை இருண்டது உணரியின் பிழைதான். அம்மா சொன்ன சொல்லும் உணரியின் பிழையோ?" என்றாள். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. "அதை அம்மாவிடமே கேள்" என்று கருவியைத் தமக்கையாரிடம் கொடுத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டேன்.

அரை மணி நேரத்துக்குமேல் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்பதை நான் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. இப்பொழுது ஞாயிறுதோறும் மகள் அழைக்கிறாள். பேச்சு முடிந்ததும் தமக்கையார் கருவியைக் கண்ணெதிரே பிடித்து, சிவப்பு வட்டத்தைத் தாமே அழுத்தி, அது மறையும்வரை பார்த்திருப்பார். அதுவரை பக்கத்து வீட்டு அம்மையார் என்ன கேட்டாலும் கையால்தான் சைகை காட்டுவார்.