ரயில் எங்கே இருக்கிறது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"மாணவர்களுக்கு உபயோகமா ஒரு பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்று நம் சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். என்ன பேசுவது என்று நேற்று இரவு வரை முடிவு செய்யவில்லை. இன்று காலை இந்த விழா இருபது நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. காரணம் கேட்டால் பாதிப் பேர், "ட்ரெயின் லேட்" என்கிறார்கள். மீதிப் பேர் செல்போனைக் காட்டி, "இல்லையே, ஆப்ல ரைட் டைம்னுதானே போட்டிருக்கு" என்கிறார்கள். சரி, தலைப்பு தானாகவே கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

நம் பாதை சாதாரணப் பாதை இல்லை. 1856 ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியதே, அது நம் ஊர் வழியாகத்தான் போயிற்று. 1979-ல் திருவள்ளூர் வரை மின்சார ரயில் வந்தது. நாங்கள் படித்த நாளில் ரயில் எங்கே வருகிறது என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான். பிளாட்பாரத்தின் ஓரத்தில் நின்று கழுத்தை நீட்டிப் பார்ப்போம். சிக்னல் மாறியதா, கேட்டை மூடினார்களா என்று பார்ப்போம். தெரியாவிட்டால், "தெரியலப்பா" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போவோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல யாரும் வெட்கப்படவில்லை.

இன்று நிலைமை வேறு. திருநின்றவூரிலோ, அம்பத்தூரிலோ வீட்டை விட்டுக் கிளம்பும்போதே ரயில் எங்கே என்று பார்த்துவிடுகிறோம். பூந்தமல்லிப் பக்கம் இருப்பவர்களுக்கு மின்சார ரயில் பாதையே கிடையாது. பஸ் பிடித்து ஆவடிக்கு வந்துதான் ரயில் ஏற வேண்டும். அவர்களுக்கு அந்தத் தகவல் இன்னும் முக்கியம். ஆகவே இந்த ஆப் எல்லாம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நானும் தினமும் பார்க்கிறவன்தான். ஆனால் அதை நம்பி நான் செய்த ஒரு தவறை உங்களிடம் சொல்ல வேண்டும்.

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் பர்சனல் ஆபீசராக இருந்தேன். காலை எட்டரைக்கு ஷிப்ட். பத்து நிமிடம் வரை பொறுப்போம். அதற்கு மேல் போனால் அரை நாள் சம்பளம் பிடித்தம். ஒரு நாள் திருவள்ளூர் பக்கத்திலிருந்து வரும் பயிற்சியாளர் பெண் ஒருத்தி முப்பத்தைந்து நிமிடம் தாமதமாக வந்தாள். "ஆவடிக்கு முன்னாடி ட்ரெயினை நிறுத்திட்டாங்க சார்" என்றாள். நான் போனை எடுத்து ஆப்பைத் திறந்தேன். ரைட் டைம் என்று காட்டியது. "இங்க பாரும்மா, இதுக்கு என்ன சொல்றே?" என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அரை நாள் போட்டுவிட்டேன்.

பத்து நிமிடம் கழித்து, இருபது வருஷம் வேலை பார்த்த பிட்டர் ஒருவர் வந்தார். அதே ரயில், அதே காரணம். "சரிங்க, போங்க" என்றேன். அவரிடம் நான் போனை எடுக்கவில்லை! அவர் உள்ளே போன பிறகுதான் எனக்கு உறைத்தது. மறுபடி ஆப்பைத் திறந்தால், இப்போது அதே ரயில் முப்பது நிமிடம் தாமதம் என்று காட்டுகிறது. அந்தப் பெண்ணின் அரை நாள் சம்பளத்தைத் திரும்பப் போட்டுவிட்டேன். ஆனால் எல்லார் முன்னாலும் கேட்ட கேள்வியைத் திரும்ப வாங்க முடியவில்லை.

அதன் பிறகுதான் இந்த ஆப் எப்படி வேலை செய்கிறது என்று விசாரித்தேன். அந்தச் சின்னத் திரையில் தெரியும் நேரம் மூன்று வழியில் வரலாம்.

முதல் வழி, கால அட்டவணை. புதுத் தகவல் எதுவும் வராதபோது பல நேரம் திரையில் தெரிவது அட்டவணை நேரம்தான். ரைட் டைம் என்றால், 'தாமதம் என்று யாரும் இதுவரை சொல்லவில்லை' என்றும் அர்த்தம் இருக்கலாம். நான் அன்று ஏமாந்தது இதில்தான்.

இரண்டாவது வழி, ரயில்வே தரும் தகவல். முன்பு ஸ்டேஷன் மாஸ்டர் ரயில் வந்த நேரத்தைக் கண்ட்ரோல் ஆபீசுக்குப் போனில் சொல்வார். கண்ட்ரோலர் பென்சிலால் சார்ட்டில் கோடு போடுவார். இப்போது அந்த வேலை கம்ப்யூட்டரில் நடக்கிறது. 1986-ல் தொடங்கப்பட்ட கிரிஸ் என்ற ரயில்வே தகவல் மையம் அதை என்.டி.இ.எஸ். என்ற விசாரணைச் சேவை மூலம் நமக்குத் தருகிறது. இஸ்ரோவுடன் சேர்ந்து எஞ்சின்களில் ஒரு கருவியும் பொருத்தியிருக்கிறார்கள். முப்பது விநாடிக்கு ஒருமுறை ரயில் இருக்கும் இடத்தை அது சொல்லும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது எஞ்சினில் பொருத்தும் கருவி. நம் மின்சார ரயிலுக்குத் தனி எஞ்சின் கிடையாது, மோட்டார் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே கோயம்புத்தூர் எக்ஸ்பிரஸுக்குக் கிடைக்கும் துல்லியம் ஆவடி லோக்கலுக்கும் அப்படியே கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. மும்பையில் 2022-ல் மத்திய ரயில்வே, லோக்கல் ரயில்களிலேயே கருவி வைத்து 'யாத்ரி' என்ற ஆப்பில் காட்ட ஆரம்பித்தது. சரியான முறை அதுதான்.

மூன்றாவது வழி, பயணிகளின் செல்போன். 'வேர் ஈஸ் மை ட்ரெயின்' என்ற ஆப்பை பெங்களூரின் சிக்மாய்ட் லேப்ஸ் என்ற சிறு கம்பெனி உருவாக்கியது. 2018-ல் கூகுள் அதை வாங்கிக்கொண்டது. நீங்கள் ரயிலுக்குள் இருக்கும்போது, பக்கத்து டவர்களின் சிக்னலை வைத்தே அது இடத்தைக் கணக்கிடும். இண்டர்நெட் வேண்டாம், ஜி.பி.எஸ். வேண்டாம். கெட்டிக்கார ஏற்பாடு, சந்தேகமே இல்லை. ஆனால் அது கண்டுபிடிப்பது போன் இருக்கும் இடத்தை, ரயில் இருக்கும் இடத்தை அல்ல. நம் பக்கம் தண்டவாளங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. கூடவே திருவள்ளூர் நெடுஞ்சாலையும் வருகிறது. கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர் எல்லாம் அடுத்தடுத்த ஸ்டேஷன்கள். ரயிலைத் தவறவிட்டு பஸ்ஸில் வருகிறவர் கையிலும் அதே ஆப் திறந்திருக்கலாம். டவரை மட்டும் வைத்து, இந்தத் தண்டவாளமா, அந்தத் தண்டவாளமா, ரோட்டில் போகும் பஸ்ஸா என்று எப்படிப் பிரிப்பது?

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு அறுபது கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர். ஆப்பில் உள்ள செய்தி இரண்டு நிமிடம் பழையது என்றால், ரயில் ஒரு ஸ்டேஷனையே தாண்டியிருக்கும். ஆகவே மாணவர்களே, திரையில் ரயிலின் படத்தை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை நிமிடத்துக்கு முந்தைய செய்தி என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருப்பான், அதைப் பாருங்கள். வேக மின்வண்டி எக்ஸ்பிரஸ் போகும் பாதையில் ஓடுகிறது. ஒரு எக்ஸ்பிரஸ் தாமதமானாலும் இது தடுமாறும். அதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். பரீட்சை, இண்டர்வியூ நாளில் ஆப் என்ன சொன்னாலும் ஒரு ரயில் முன்னதாகக் கிளம்புங்கள்.

பெரிய இடைஞ்சல் வந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பேசின் பிரிட்ஜ் - வியாசர்பாடி இடையே பாலத்தில் தண்ணீர் ஏறி ரயில்கள் நின்றன. 2025 ஜூலை 13 விடியற்காலையில் திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிவந்த சரக்கு ரயில் தீப்பிடித்து எரிந்தது. 'எட்டு நிமிடத்தில் வரும்' என்ற வாசகத்துக்கு அந்த மாதிரி நாளில் என்ன மதிப்பு? ரயில்வே அறிவிப்பைக் கேளுங்கள். இல்லையா, பஸ்ஸைப் பிடியுங்கள்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஆப்பில் 'ஒரு நிமிடம்' என்று பார்த்துவிட்டுப் படியேறச் சோம்பல்பட்டுத் தண்டவாளத்தில் குதித்து ஓடாதீர்கள். 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டப்படி அது குற்றம், ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. சட்டம் இருக்கட்டும். ஆப்பில் நீங்கள் பார்த்தது உங்கள் ரயிலை. பக்கத்துத் தண்டவாளத்தில் வரும் ரயிலை அது உங்களுக்குக் காட்டாது.

கடைசியாக, என் வயது நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பலர் இன்று வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருப்பவர்கள். மேனேஜர்கள், பேராசிரியர்கள், பரீட்சை மேற்பார்வையாளர்கள். ஒரு பையனோ பெண்ணோ மூச்சிரைக்க வந்து "ட்ரெயின் லேட்" என்றால், உடனே போனை எடுத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அரை மணி நேரம் பொறுங்கள். அதே ரயிலில் வரும் இன்னும் இரண்டு பேரைக் கேளுங்கள். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார் சொன்னது செல்போனுக்கும் பொருந்தும். அந்தச் சின்னத் திரை ரயிலைப் பார்க்கவில்லை. ரயிலில் வந்த பிள்ளை பார்த்திருக்கிறது.

 சாயந்திரம் ஊர் திரும்பும் ரயிலுக்குக் கொஞ்சம் முன்னதாகவே கிளம்புங்கள்.