"காணவில்லை" என்று கணனி சொன்னால்

(எமது சங்கத்தில் பெற்றோருக்காக நடந்த கணனி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கணனி படித்துப் பட்டம் பெற்றவன் அல்ல. ஊரில் ஏ.எல். வரை படித்தேன். இங்கே தொழிற்சாலையில் மெசினோடு நிற்கிறேன். மெசினோடு நிற்கிறவனுக்கு ஒரு பழக்கம் வரும். மெசின் நின்றால் ஏன் நின்றது என்று முதலில் பார்ப்பான். உடனே எல்லாவற்றையும் கழற்றிக் கொட்ட மாட்டான். அந்தப் பழக்கத்தைத்தான் கணனிக்கும் சொல்ல வந்திருக்கிறேன்.

எங்கட வீடுகளில் நடக்கிறது என்ன? பிள்ளை ஒரு புறோகிராமைத் திறக்குது. திரையில் ஒரு பெட்டி வந்து "இன்ன பைலைக் காணவில்லை" என்று சொல்லுது. "கணனி பழுதாப் போச்சு, நீ என்னத்தை அமத்தினனி?" என்று பிள்ளைக்குப் பேச்சு விழும். பிறகு யாரோ ஒருவர் "போமற் பண்ணினால் சரி" என்பார். போமற் பண்ணினால் கணனி ஓடும், உண்மைதான். ஆனால் வேறு இடத்தில் பிரதி எடுத்து வைக்காவிட்டால், அதற்குள் இருந்த ஊர்ப் படங்களும், காலமான அம்மம்மாவின்ர குரலும் அதோடு போய்விடும். புறோகிராமைத் திரும்பப் போடலாம். அதுகளைத் திரும்ப எடுக்க ஏலாது. அதனால்தான் இந்தச் சின்ன விசயத்தை விபரமாகக் கதைக்க வேணும் என்று நினைத்தேன்.

ஒரு புறோகிராம் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. எழுத்தைத் திரையில் காட்டுவது, படத்தைத் திறப்பது போன்ற பொது வேலைகளுக்குத் தனிப் பைல்கள் இருக்கின்றன. இவற்றை லைப்ரரி என்பார்கள். பல புறோகிராம்கள் ஒரே லைப்ரரியைப் பொதுவாகப் பாவிக்கும். விண்டோஸில் இந்தப் பைல்களின் பெயர் டி.எல்.எல். என்று முடியும். லினக்ஸில் எஸ்.ஓ. என்ற எழுத்துகள் பெயரில் வரும்.

தொழிற்சாலையில் ஸ்பானர்கள் பொது அலுமாரிகளில் இருக்கும். புதிதாக வந்த ஒருவனிடம் "இந்த மூன்று அலுமாரியிலும் பார்" என்று சொன்னால், சாமான் நாலாவது அலுமாரியில் கிடந்தாலும் "காணேல்லை" என்றுதான் வந்து சொல்லுவான். அவன் பொய் சொல்லவில்லை. கணனியும் அப்படித்தான். எங்கெங்கே தேடுவது என்று அதனிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. கட்டளைகளைத் தேடுகிற பட்டியலுக்கு 'பாத்' என்று பெயர். பாதை என்று அர்த்தம்.

ஆகவே இப்படிப் பிழை வந்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான். சாமான் உண்மையிலேயே இல்லை. அல்லது சாமான் இருக்கிறது, பட்டியலில் அந்த இடம் இல்லை. அல்லது சாமான் கிடைத்தது, அளவு பொருந்தவில்லை. எது என்று கண்டுபிடிக்க, பெட்டியை மூட முன்னம் அந்தப் பைலின் பெயரை எழுத்துக்கு எழுத்து எழுதி எடுங்கோ. போனால் படம் எடுத்தாலும் சரி.

முதலாவது, சாமான் இல்லாதது. விண்டோஸில் அடிக்கடி வருகிற பெயர்கள் வி.சி.ரன்ரைம்140, எம்.எஸ்.வி.சி.பி.140. இவை மைக்ரோசொப்ற் இலவசமாகத் தருகிற 'விசுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ரிபியூட்டபிள்' என்ற பொதிக்குள் இருக்கின்றன. அதை மைக்ரோசொப்ற்றிடமிருந்தே எடுத்துப் போடுங்கோ. 32 பிற், 64 பிற் என்று இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் போடலாம். ஒன்று மட்டும் செய்யாதேங்கோ: அந்தப் பெயரை இன்ரநெற்றில் தேடி, முன்பின் தெரியாத இடத்திலிருந்து தனி டி.எல்.எல். பைலை இறக்கிப் போடாதேங்கோ. அதோடு வைரசும் வரலாம்.

இரண்டாவது, பாதை பிழைத்தது. 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு முடிந்ததால், பழைய கணனியில் லினக்ஸ் போட்டவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது அடிக்கடி வரும். புறோகிராம் கண்ணுக்கு முன்னால் அதே போல்டரில் இருக்கும். பெயரை அடித்தால் "அப்படி ஒரு கட்டளை இல்லை" என்று சொல்லும். லினக்ஸ் வழமையாக நீங்கள் நிற்கிற போல்டரில் கட்டளையைத் தேடாது. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் சரிவுக்கோடும் போட்டால் ஓடும்.

பட்டியலில் புது இடம் சேர்ப்பதென்றால், பழையதை அழிக்காமல் அதன் கடைசியில் சேருங்கோ. அழித்தால் மற்றக் கட்டளைகளும் காணாமல் போகும். இடங்களுக்கு நடுவில் விண்டோஸில் அரைப்புள்ளி, லினக்ஸில் முக்காற்புள்ளி. மாற்றிய பிறகு, கட்டளை அடிக்கிற அந்தச் சன்னலை மூடிப் புதிதாகத் திறக்க வேணும். வேலை தொடங்கும்போது வாசித்த அறிவித்தலை வைத்துத்தானே வேலை நடக்கும்? ஏற்கனவே திறந்திருந்த சன்னலிடம் பழைய பட்டியல்தான் இருக்கும்.

இன்னொன்று. லினக்ஸில் லைப்ரரிகளைத் தேடுகிற பட்டியல் வேறு. பாத்தை எவ்வளவு திருத்தினாலும் அது சரிவராது. 'எல்டிடி' என்ற கட்டளையைப் புறோகிராமின் பெயரோடு கொடுத்தால், எந்த லைப்ரரி எங்கே கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று வரிவரியாகக் காட்டும். நம்பிக்கையான புறோகிராமுக்கு மட்டும் இதைப் பாவியுங்கோ. இல்லாத லைப்ரரியை லினக்ஸின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து போடலாம். புதிதாகப் போட்டும் தெரியாவிட்டால் 'எல்டிகொன்பிக்' என்ற கட்டளை பட்டியலைப் புதுப்பிக்கும்.

மூன்றாவது, அளவு பிழைத்தது. 64 பிற் புறோகிராமுக்கு 32 பிற் லைப்ரரி பொருந்தாது. பத்தாம் நம்பர் நட்டுக்கு எட்டாம் நம்பர் ஸ்பானர் போலத்தான். விண்டோஸில் சி000007பி என்று முடிகிற இலக்கம் வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கோ. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 64 பிற் விண்டோஸில் 'சிஸ்ரம்32' என்ற போல்டரில்தான் 64 பிற் லைப்ரரிகள் இருக்கும். 32 பிற் லைப்ரரிகள் 'சிஸ்வாவ்64' என்ற போல்டரில். பெயரை நம்பிப் பைலைக் கொண்டுபோய்ப் போட்டால் மாறிப் போய்விடும். லினக்ஸில் லைப்ரரியின் பெயரில் வருகிற பதிப்பு இலக்கத்தையும் மாற்றி ஏமாற்ற வேண்டாம். புறோகிராம் தொடங்கினாலும் இடையில் விழுந்துவிடலாம்.

இவ்வளவையும் பாடமாக்கத் தேவையில்லை. ஊர்ப் படங்களை வெளியே ஒரு டிஸ்க்கில் இண்டைக்கே பிரதி எடுங்கோ. பிழை வந்தால் பெயரை எழுதுங்கோ. இல்லையா, இடம் தெரியவில்லையா, அளவு பிழையா என்று கேளுங்கோ. ஏலாவிட்டால் எழுதிய துண்டோடு சங்கத்துக்கு வாங்கோ. எங்கட பிள்ளைகளே பார்த்துத் தருவார்கள். பிள்ளையை மட்டும் ஏசாதேங்கோ. பிழையை வாசிக்கப் பழகிற பிள்ளைதான் நாளைக்கு அதைத் திருத்தப் போகிறது.