சொன்னவள் பெயர்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



என்னை "எழுத்தாளர்" என்று அறிமுகம் செய்தார்கள். அது கொஞ்சம் அதிகப்படி. நான் ரயில்வேயில் கணக்கு எழுதி ரிடையர் ஆனவன். 1969-ல் புஸாவலுக்கு வேலைக்கு வந்தேன். ரிடையர் ஆன பிறகும் அங்கேயே தங்கிவிட்டேன். மும்பையிலிருந்து வரும் பாதை நாகபுரிக்கும் இடார்ஸிக்கும் பிரிகிற ஜங்ஷன் அது. உங்களில் பலர் நவஜீவனில் போகும்போது நடுவில் கண் விழித்து, "என்ன ஸ்டேஷன்?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கியிருப்பீர்கள். அந்த ஊர்தான்.

சின்ன ஊர். ஆபீஸ் முடிந்தால் பொழுது போகாது. அதனால் எழுத ஆரம்பித்தேன். காய்கறிச் சந்தை, குழாயடி, மழை வராத ஆனி மாதம், இவைதான் விஷயம். 1981-ல் ஒரு வாரப் பத்திரிகையில் என் முதல் துணுக்கு வந்தது. சன்மானம் பதினைந்து ரூபாய், மணியார்டரில்.

அந்தத் துணுக்கு என்ன தெரியுமோ? எங்கள் ஊரில் கோடையில் நாற்பத்தைந்து டிகிரி சர்வ சாதாரணம். ஒருநாள் வெயிலைத் திட்டிக்கொண்டே உள்ளே வந்தேன். மாடியில் வடாம் பிழிந்துவிட்டு இறங்கிய என் மனைவி, "திட்டாதேங்கோ. கும்பகோணத்தில் மூணு நாள் காய வேண்டிய வடாம் இங்கே ஒரே நாளில் காயறது. ஒவ்வொரு ஊரும் ஏதோ ஒண்ணு கொடுக்கும். வாங்கிக்கத் தெரியணும்" என்றாள். அதை அப்படியே எழுதி, கீழே என் பெயரைப் போட்டு அனுப்பினேன்.

மணியார்டர் வந்த அன்று, "சொன்னது நான், கையெழுத்துப் போட்டு வாங்கறது நீங்களா?" என்று கேட்டாள். இருவரும் சிரித்தோம். நான் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டேன். அவளும் அப்படித்தான் சொன்னாளா என்று இப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நாற்பது வருஷம் இதே கதைதான். பக்கத்து வீட்டு மராட்டிய அம்மாள் கத்தரிக்காயைச் சுட்டு பரீத் செய்து கொண்டுவந்து கொடுத்தாள். இவள் சுட்ட கத்தரிக்காய் கொத்சு செய்து பதிலுக்குக் கொடுத்தாள். "சுட்ட கத்தரிக்காய்க்குப் பாஷை கிடையாது" என்றாள். அது ஒரு கட்டுரை. ரிடையர் ஆனதும் ஊருக்குத் திரும்புவதா வேண்டாமா என்று நான் குழம்பியபோது, "ஜங்ஷனில் குடியிருக்கிறவாளுக்கு எல்லா ரயிலும் பழகிப்போயிடும். ஏறத்தான் மறந்துபோகும்" என்றாள். அதை நமது இதழில் எழுதினேன். பல ஊர்களிலிருந்து உறுப்பினர்கள் கார்டு போட்டுப் பாராட்டினார்கள். அந்தக் கட்டுரையில் அதைச் சொன்னவர் "என் நண்பர் ஒருவர்".

2022-ல் அவள் போய்விட்டாள். காரியங்கள் முடிந்து, பிள்ளை பெங்களூருக்குத் திரும்பிய பிறகு, வழக்கம்போல் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். ஒரு வரி வரவில்லை. துக்கம், அதனால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். ஒரு வருஷம் ஆயிற்று, அப்போதும் வரவில்லை.

அந்தப் பக்கத்து வீட்டு அம்மாள் பள்ளியில் மராட்டி வாத்தியாராக இருந்தவர். ஒருநாள் பேச்சுவாக்கில் பஹிணாபாய் சௌதரி பற்றிச் சொன்னார். அந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஜள்காவ்(ன்) பல்கலைக்கழகத்துக்கு 2018-ல் அந்தப் பெயரை வைத்தார்கள். ஆனால் யார் என்று கேட்டதில்லை. எங்கள் ஊரிலிருந்து ஜள்காவ் இருபத்தைந்து கிலோமீட்டர்தான். அதன் பக்கத்தில் அஸோதா என்ற கிராமத்தில் 1880-ல் பிறந்தவர். குடியானவப் பெண். எழுதப் படிக்கத் தெரியாது. ஏந்திரம் அரைக்கும்போதும் வயலில் வேலை செய்யும்போதும் தன் வட்டாரப் பேச்சில் தானே பாட்டுக் கட்டிப் பாடுவார். மகன் ஸோபான்தேவ் தானும் ஒரு கவி. அம்மா பாடியவற்றை வீட்டார் எழுதி வைத்தார்கள். 1951-ல் அந்த அம்மாள் காலமானார். 1952-ல், ஆசார்ய அத்ரேயின் முயற்சியால், பாட்டுகள் புத்தகமாயின. இன்று மராட்டியக் குழந்தைகள் பள்ளியில் அவற்றைப் படிக்கிறார்கள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பிள்ளைக்கும் எழுதத் தெரியும். பாட்டுகளைத் தன் பெயரில் போட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? அவர் அம்மாவின் பெயரைப் போட்டார். நானும் நாற்பது வருஷம் கேட்டு எழுதியவன்தான். ஆனால் என் பெயரைப் போட்டேன்.

மறுநாள் பெட்டியைத் திறந்து பழைய கட்டுரைகளை எடுத்தேன். மொத்தம் இருபத்திரண்டு. அவள் சொன்னவற்றைச் சிவப்பு மையால் அடிக்கோடு இட்டேன். பதினேழு கட்டுரைகளில் கோடு விழுந்தது. மிச்சத்தில் சில வரிகள் அவள் சொன்னதா, நான் யோசித்ததா என்று எனக்கே தெரியவில்லை. கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. சகோதர சகோதரிகளே, இதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. தெரிந்ததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். தெரியாததை என்ன செய்வது?

எங்கள் கல்யாணத்திலிருந்து நாற்பத்தொன்பது வருஷம் அவள் என் பெயரை வாயால் சொன்னதில்லை. அது அந்தக் காலத்து வழக்கம். அவள் பெயரை நான் எழுத்தில் சொல்லக் கூடாது என்று எந்த வழக்கமும் இல்லை.

வாசலில் சிறிய புத்தகம் ஒன்று வைத்திருக்கிறேன். அந்தப் பதினேழு கட்டுரைகளை ஜெராக்ஸ் எடுத்துத் தைத்தது. விலை கிடையாது. அட்டையில் முதலில் அவள் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். கீழே சின்னதாக, "கேட்டு எழுதியவர்" என்று என் பெயர். அவள் பெயரை இங்கே மைக்கில் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். தயவுசெய்து நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விண்ணப்பம். இன்று உங்கள் வீட்டில் அம்மாவோ, பாட்டியோ, அத்தையோ, ஆத்துக்காரியோ இருந்தால், ஒரு நோட்டு வாங்குங்கள். அவர்கள் பேசுகிறபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். பக்கத்தில் தேதி போடுங்கள். கட்டாயம் பெயரைப் போடுங்கள். சந்தேகம் வந்தால் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள், பதில் சொல்ல ஆள் இருக்கும்போதே.