இரத்தப் புற்றுநோயும் நம் பங்கின் கடமையும்

(நோயாளர் தினத்தன்று அம்பாசமுத்திரத்தில் நடைபெற்ற யூபிலிக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் கோவிலுக்கு வெள்ளையடித்தோம், கொடிமரத்தைப் புதுப்பித்தோம். "நோயாளிகளுக்கு என்ன செய்யப் போகிறோம்?" என்று பங்குத் தந்தை கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடியே இரத்தப் புற்றுநோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். கரும்பலகையோடு காலம் கழித்த வாத்தியார். ஆனால் தீர்க்க வேண்டிய கடன் ஒன்று எனக்கு இருக்கிறது. அதைச் சொல்லித் தொடங்குகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் என் ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் படித்தான். பீடி சுற்றிப் பிழைத்த குடும்பம். பையனுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது, முகம் வெளுத்தது, எங்கும் விழாமலே காலில் நீலம் நீலமாகக் கன்றியது. தூரத்து நகரத்து மருத்துவமனை ஒன்றில் லூக்கேமியா, அதாவது இரத்தப் புற்றுநோய், என்றார்கள். ஒரு மாதம் மருந்து ஏற்றினார்கள். பையன் சிரித்த முகத்தோடு ஊர் திரும்பினான். தகப்பனார் என்னிடம் வந்து, "சார்வாள், பிள்ளைக்கு எல்லாம் சரியாயிட்டு. இனிமே எதுக்கு ஊசியைப் போட்டு வாட்டணும்? கம்மலும் அடகுக்குப் போயிட்டு" என்றார். நானும், "ஆண்டவர் காப்பாற்றினார்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எட்டாம் மாதம் நோய் திரும்பி வந்தது. பிறகு அவன் வகுப்புக்கு வரவே இல்லை.

அந்தத் தகப்பனார் பிள்ளையைக் கைவிட்டவர் அல்லர். சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் தொடரும் என்பது அவருக்கு விளங்கவில்லை. பணத்துக்கு எங்கே விண்ணப்பிப்பது என்றும் தெரியவில்லை. படித்தவன் நான், விசாரித்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுவே என் கடன்.

இந்த நோய் என்ன? வயல் சூழ்ந்த ஊர்க்காரர்களுக்கு எளிதாகவே விளங்கும். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் இரத்தத்தின் நாற்றங்கால். அங்கே முதிராத வெள்ளையணுக்கள் களைபோல மண்டிவிட்டால் நல்ல நாற்றுக்கு இடமில்லாமல் போகிறது. சிவப்பணு குறைவதால் வெளுப்பும் களைப்பும் வருகின்றன. தட்டணு குறைவதால் ஈறில் இரத்தம் கசிகிறது, உடம்பு கன்றுகிறது. நல்ல வெள்ளையணு குறைவதால் காய்ச்சல் ஓய்வதில்லை. முதல் மாத மருந்து கண்ணுக்குத் தெரியும் களையைப் பறிக்கிறது. மண்ணுக்குள் கிடக்கும் விதை அப்படியே இருக்கிறது. அதை ஒழிக்கத்தான் ஆண்டுக்கணக்கில் மருந்து. ஒரு களையெடுப்போடு வயலை விட்டுப் போகிற விவசாயி நம்மில் உண்டா?

இது தொற்றுநோயன்று. யாருடைய பாவத்தின் சம்பளமும் அன்று. பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று கேட்ட சீடர்களுக்கு ஆண்டவர் அளித்த மறுமொழியை நாம் அறிவோம். முதற் சோதனையும் எளியதே: இரத்த அணுக்களை எண்ணி, ஒரு துளியைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள்.

இதற்கு மருந்து உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஆந்திரத்துப் பிள்ளை எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்கா சென்று, மருந்துக் கம்பெனி ஒன்றின் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தார். அவர் குழுவினர் செய்த அமினாப்டெரின் என்ற மருந்தை பாஸ்டன் நகரத்து டாக்டர் சிட்னி பார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்று 1948-ல் வெளியிட்டார். அதற்கு முன் குழந்தைகளின் இந்நோயைத் தணிக்கும் மருந்து இருந்ததில்லை. நம் கல்லறைத் தோட்டத்தில் தானே முளைத்துப் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின் என்ற மருந்து பிறந்தது. (இலையை வீட்டில் அரைத்துக் குடித்துவிடாதீர்கள்; அது விஷம்.) இன்று வசதி மிக்க நாடுகளில் குழந்தைகளுக்கு அதிகமாக வரும் வகையில் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

பெரியவர்களுக்கு மெல்ல வரும் ஒரு வகை உண்டு. க்ரானிக் மைலாய்ட் லூக்கேமியா என்பார்கள். இதற்கு இமாட்டினிப் என்னும் மாத்திரை 2001-ல் வந்தது. நாலைந்து ஆண்டு என்று நாள் குறிக்கப்பட்டவர்கள் அதை நாள்தோறும் உட்கொண்டு பேரன் பேத்தி எடுக்கிறார்கள். ஆனால் நோவார்ட்டிஸ் கம்பெனி மருந்தின் விலை மாதம் 1,20,000 ரூபாய் அளவில் இருந்தது. நம் நாட்டுக் கம்பெனிகள் அதையே பத்தாயிரத்துக்குள் கொடுத்தன. காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் சென்னை அலுவலகத்தில் விண்ணப்பித்தபோது, மும்பையிலுள்ள புற்றுநோயாளர் உதவிச் சங்கம் எதிர்த்து நின்றது. 2006-ல் விண்ணப்பம் தள்ளப்பட்டது. 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே கம்பெனி 2002 முதல் மேக்ஸ் அறக்கட்டளை வழியாக இலவச மாத்திரையும் வழங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். அம்மாத்திரை உண்பவர்கள் ஒன்றுகூடி 'பிரண்ட்ஸ் ஆப் மேக்ஸ்' என்ற குழுவை அமைத்தார்கள். "இன்றைக்கு மாத்திரை போட்டீர்களா?" என்று ஒருவர் கேட்க மற்றொருவர் இருப்பது எவ்வளவு பெரிய பலம்!

இனி, நம் ஊரிலிருந்து எங்கே போவது?

முதலாவதாக, மருத்துவமனை. சந்தேகம் வந்ததும் நம் ஊர் அரசு மருத்துவமனையில் இரத்தம் பாருங்கள். அடுத்து பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதற்கு மேல், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம். 1986-லேயே மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தொடங்கிய வேலூர் சி.எம்.சி.; மலைக்கு அந்தப்புறம் 1981-ல் ஏற்பட்ட திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம்.

இரண்டாவதாக, பணம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் கொண்டு கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் பதிய வேண்டும். நோய் வரும்வரை காத்திராமல் இன்றே பதியுங்கள். பிரதமர் தேசிய நிவாரண நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். அவசர விவரத்துக்கு 104 என்ற எண் இருக்கிறது.

மூன்றாவதாக, பயணம். சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ரயிலில் சிலீப்பர் வகுப்பில் முழுச் சலுகையும், துணைக்குச் செல்பவருக்கு முக்கால் பங்குச் சலுகையும் உண்டு. மருத்துவமனையில் படிவம் கேட்டு வாங்க வேண்டும்.

நான்காவதாக, கேள்வி. டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நோய் எந்த வகை? மருந்து எத்தனை மாதம்? மொத்தச் செலவு எவ்வளவு? வீட்டில் காய்ச்சல் வந்தால் எங்கே ஓட வேண்டும்? இந்த நான்கையும் தாளில் எழுதி வாங்குங்கள். சிகிச்சையின்போது வரும் காய்ச்சலுக்கு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பங்கின் கடமை என்ன? நான் சொன்ன விவரங்களை எழுதிய நோட்டு ஒன்று பங்கு அலுவலகத்தில் இருக்கட்டும், ஆண்டுதோறும் சரிபார்ப்போம். எந்தச் சமயத்தார் வந்து கேட்டாலும் சொல்வோம். வின்சென்ட் தே பவுல் சபையார் முதல் பயணத்துக்குத் துணை போகட்டும். இளைஞர்களே, தட்டணுவை ஐந்து நாளுக்கு மேல் சேமிக்க முடியாது. திருவிழாவுக்கு ஒரு முறை முகாம் நடத்தினால் போதாது. ஆண்டு முழுதும் முறை வைத்து இரத்தம் கொடுங்கள். மஜ்ஜை மாற்றத்துக்கு உடன்பிறந்தார் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். அதற்காகவே சென்னையில் 2009 முதல் 'தாத்ரி' என்ற கொடையாளர் பதிவகம் இயங்குகிறது. அதிலும் பெயர் கொடுங்கள்.

நோயாளியைப் பார்க்கப் போகும் மரியாயின் சேனையாருக்கு ஒரு விண்ணப்பம். சளி இருமலோடு போகாதீர்கள். "இன்னாருக்கும் இப்படித்தான் வந்தது, போய்விட்டார்" என்று கதை சொல்லாதீர்கள். "அடுத்த ஊசி என்றைக்கு? யார் கூட வருகிறார்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி அன்று என் வாயில் வந்திருந்தால் என் மாணவன் பிழைத்திருக்கக் கூடும்.

அவனுடைய தகப்பனார் இன்றும் நம்மோடு பூசை காண்கிறார். இவ்வுரைக்கு முன் அவரிடம் அனுமதி கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இன்னொரு பிள்ளைக்கு உதவும்னா சொல்லுங்க, சார்வாள்" என்றார். அவருக்காகவே அந்த நோட்டின் முதல் பக்கத்தை நான் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். அடுத்த பக்கங்களை நீங்கள் எழுத வேண்டும்.