தாளைப் பார்த்து வாங்குவோம்

(தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் தலைவிகளுக்கும் நடந்த வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், சேமலாப நிதி, காணி, வீடு என்று பேசும் வகுப்பில் கள்ள நோட்டைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். ஒரு கணக்கைப் பாருங்கள். 2024இல் வர்த்தமானியில் வந்த அடிப்படைச் சம்பளம் நாளொன்றுக்கு 1,350 ரூபா. அந்தக் கணக்கில், ஒரு 5,000 ரூபாய் தாள் கள்ளத் தாளாகிப் போனால் ஏறக்குறைய நான்கு நாள் கொழுந்து போய்விட்டது. மழையிலும் அட்டையிலும் நின்று பறித்த நான்கு நாள். வங்கி அதற்கு வேறு தாள் தராது. கள்ளத் தாள் எத்தனை கை மாறினாலும் கடைசியில் யார் கையில் பிடிபடுகிறதோ அவருக்குத்தான் நட்டம். அந்தக் கடைசிக் கை பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களின் கைதான். ஏனென்றால் பார்த்து வாங்க நமக்கு நேரம் தருவதில்லை. திருப்பிக் கேட்க நாமும் தயங்குகிறோம்.

தீபாவளி முற்பணம் கிடைக்கும் வாரத்தில் டவுன் கடைகளில் எள் போட இடமிருக்காது. கள்ளத் தாள் மாற்றுகிறவன் தேடுவது அந்த நெரிசலைத்தான். மங்கலான வெளிச்சம், அவசரம், பெரிய தாளுக்குச் சின்னச் சாமான், இந்த மூன்றும் சேர்ந்தால் கவனமாக இருங்கள். தோட்டத்துக்குள் சில்லறைக் கடை வைத்திருக்கும் நம் பெண்களுக்கு இது முக்கியம். பொழுது சாயும் நேரத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து, ஒரு சவர்க்காரம் வாங்கி 5,000 ரூபாய் தாளை நீட்டினால், மிச்சம் கொடுப்பதற்கு முன் தாளைப் பாருங்கள். பார்ப்பது மரியாதைக் குறைவு இல்லை. வங்கிக் கவுண்டரில் நாம் கொடுக்கும் தாளை அவர்கள் பார்க்காமலா எடுக்கிறார்கள்?

எப்படிப் பார்ப்பது? மூன்று வேலை: தொட்டுப் பார்க்க வேண்டும், வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், சரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் தொடுங்கள். நல்ல தாள் பஞ்சிலிருந்து செய்யப்படுவது. பழசானாலும் அதில் ஒரு மொரமொரப்பு இருக்கும். பெரிய எழுத்துகளின் மேலும் படத்தின் மேலும் விரலை ஓட்டினால் மை சற்று மேடாகத் தட்டுப்படும். போட்டோ கொப்பித் தாள் வழுவழுவென்று இருக்கும். கொழுந்து பறித்து விரல் காய்த்துப் போயிருந்தால் நகத்தால் மெதுவாக உரசிப் பாருங்கள்.

அடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இன்று அதிகம் புழங்குவது 2011இல் வெளிவந்த தொடர். அதில் ஒவ்வொரு தாளிலும் ஒரு பறவை அச்சிடப்பட்டிருக்கிறது. 1,000 ரூபாய் தாளில் ஒரு சின்னக் கிளி. 5,000 ரூபாய் தாளில் காதோரம் மஞ்சள் இறகுள்ள குருவி. நுவரெலியா பக்கம் உள்ளவர்கள் அதை நேரிலேயே பார்த்திருப்பீர்கள். வெளிச்சத்தில் பிடித்தால் அதே பறவை தாளுக்குள்ளே நிழலாகத் தெரிய வேண்டும். கள்ளத் தாளில் அந்த நிழலைச் சாம்பல் மையால் அடித்திருப்பார்கள். அது வெளிச்சம் இல்லாமலே கண்ணுக்குத் தெரியும். அதுதான் காட்டிக்கொடுக்கும். மேலே விட்டுவிட்டுத் தெரிகிற பாதுகாப்பு நூலும், வெளிச்சத்தில் பிடித்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாகத் தெரிய வேண்டும்.

மூன்றாவது, தாளைச் சரியுங்கள். 1,000, 5,000 ரூபாய் தாள்களில் அந்த நூல் மினுங்கி நிறம் மாறும். ஒட்டிய பேப்பரோ பூசிய வெள்ளியோ அப்படி மாறாது.

படத்தையும் மனதில் வையுங்கள். 1,000 ரூபாய் தாளில் இருப்பது நமது இறம்பொடைச் சுரங்கப்பாதை. 100 ரூபாய் தாளில் லக்சபான நீர்வீழ்ச்சி. நாம் நடந்து திரிகிற இடங்கள் அவை. அந்தக் கோடுகள் கலங்கி, தமிழில் எழுதியுள்ள சின்ன எழுத்துகள் கரைந்து தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஒரே இலக்கம் உள்ள இரண்டு தாள் கையில் இருந்தால், ஒன்றாவது கள்ளத் தாள்.

இன்னும் ஒரு விஷயம். கடைகளில் நீல லைட் வைத்துப் பார்க்கிறார்கள். நல்ல தாள் அதில் முழுசாக வெள்ளையடித்துப் பளிச்சிடாது. ஆனால் சட்டைப் பையில் இருந்து சவர்க்காரத் தூளில் துவைபட்ட நல்ல தாளும் பளிச்சிடும். ஆகவே லைட்டை மட்டும் வைத்து ஒருவர் உங்களைக் கள்ளன் என்று சொன்னால் பயந்துவிடாதீர்கள். மற்ற அடையாளங்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனிப் பழைய தாள்களுக்கு வருகிறேன். இங்கேதான் அதிகக் குழப்பம். பழகாத தாளைக் கண்டால் நல்லதைத் தள்ளிவிடுகிறோம், கெட்டதை நம்பிவிடுகிறோம். 2006இல் சீகிரியா படத்துடன் வந்த 2,000 ரூபாய் தாள் நல்ல தாள்தான். மத்திய வங்கியின் 75ஆவது ஆண்டை முன்னிட்டு 2025 ஆகஸ்டில் வந்த புதிய 2,000 ரூபாய் தாளும் நல்லதுதான். 1998இல் சுதந்திரப் பொன்விழாவுக்கு வந்த 200 ரூபாய் தாள் பிளாஸ்டிக்கில் செய்தது, அதுவும் செல்லும். ஆனால் யாராவது "இது பழைய ஐயாயிரம்" என்று வேறு தோற்றத்தில் ஒன்றைக் காட்டினால் வாங்காதீர்கள். 2011க்கு முன் இந்த நாட்டில் 5,000 ரூபாய் தாளே கிடையாது.

செல்லாமல் போனவையும் உண்டு. 1970 ஒக்டோபரில், கலாநிதி என்.எம். பெரேரா நிதி அமைச்சராக இருந்தபோது, அதுவரை இருந்த 50, 100 ரூபாய் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் அந்தக் காலத்து நூறு ரூபாய் கிடந்தால் கடையில் மாற்ற முடியாது. சேகரிப்பவர்கள் வாங்கலாம். விலை அந்தத் தாளின் மடிப்பு, கிழிசல், அரிய தன்மையைப் பொறுத்தது.

இதை வைத்துத்தான் முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் ஒரு ஏமாற்று நடக்கிறது. "பழைய தாள், பழைய சில்லறை இருந்தால் இலட்சக்கணக்கில் தருகிறோம்" என்று விளம்பரம். போட்டோ அனுப்பினால் உடனே விலை சொல்வார்கள். பிறகு பதிவுக் கட்டணம், வரி, கூரியர் செலவு என்று முதலில் நம்மிடம் காசு கேட்பார்கள். அனுப்பியதும் போன் நின்றுவிடும். வெளிநாட்டிலிருந்து டொலர் பார்சல் வந்திருக்கிறது, சுங்கக் கட்டணம் கட்டுங்கள் என்பதும் இதே வித்தைதான். பொருளை வாங்குகிறவன் நமக்குக் காசு தர வேண்டும். நம்மிடம் முன்காசு கேட்டால் அவன் வியாபாரி இல்லை.

தமிழ்நாட்டில் உறவுகள் உள்ள குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் பிரிந்த குடும்பங்களுக்குள் இன்றும் போக்குவரத்து இருக்கிறது. பழைய இந்திய 500, 1,000 ரூபாய் தாள்களை மலிவாகத் தருகிறேன் என்று யாரும் சொன்னால் வாங்காதீர்கள். 2016 நவம்பர் 8ஆம் திகதி இரவு அவை செல்லாது என்று அறிவிக்கப்பட்டு, மாற்றிக்கொள்ளும் காலமும் 2017உடன் முடிந்துவிட்டது. மத்திய கிழக்கிலிருந்து வரும் நம் சகோதரிகள், கொண்டுவரும் காசை வங்கியிலோ மத்திய வங்கி அனுமதி பெற்ற நாணயமாற்றுக் கடையிலோ மட்டும் மாற்றி, பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். பஸ் நிலையத்தில் கூட ஐந்து ரூபா தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

சரி, கள்ளத் தாள் கைக்கு வந்தேவிட்டது. என்ன செய்வது? வாங்கும்போதே சந்தேகம் வந்தால் "வேறு தாள் தாங்க" என்று கேட்டுத் திருப்பிக் கொடுங்கள். வாங்கிய பிறகு தெரிந்தால், இருட்டில் வேறு கடைக்குத் தள்ளிவிடலாம் என்ற எண்ணம் வரும். நான்கு நாள் உழைப்பு அல்லவா, வராமல் இருக்காது. ஆனால் கள்ளத் தாள் என்று தெரிந்து கொடுத்தால் அது தண்டனைச் சட்டத்தில் பாரதூரமான குற்றம். அதுவரை ஏமாந்தவராக இருந்த நாம் அந்த நிமிடம் குற்றவாளியாகிவிடுகிறோம். அதோடு, அந்தத் தாள் போய்ச் சேர்வதும் நம்மைப் போன்ற இன்னொரு வீட்டுக்குத்தான்.

தாளை ஒரு உறையில் போட்டு, யார், எங்கே, எந்த நேரத்தில் தந்தார் என்று எழுதி வைத்து, தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். தலைவர்களே, அந்தத் தொழிலாளியைத் தனியாகப் பொலிஸுக்கு அனுப்பாதீர்கள். கூடப் போங்கள். முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க நமக்கு உரிமை உண்டு. தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று. விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில், வாசித்து விளக்காமல் கையெழுத்துப் போட விடாதீர்கள். கள்ளத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தவரையே கள்ளனாக்கும் நிலை வரக்கூடாது. சங்கம் பக்கத்தில் நிற்க வேண்டிய இடம் அது.

கடைசியாகச் சம்பள மேசை. இன்னும் கையில் காசு கொடுக்கும் தோட்டங்களில், மேசையை விட்டு நகர்வதற்கு முன் எண்ணிப் பார்க்கவும் தாளைப் பார்க்கவும் நேரம் வேண்டும் என்று கமிட்டி துரையிடம் பேச வேண்டும். சந்தேகமான தாளை அங்கேயே மாற்றித் தர வேண்டும். வரிசை நீள்கிறது என்று கணக்கப்பிள்ளை அவசரப்படுத்தினால், தலைவர் பக்கத்தில் நின்று "எண்ணட்டும்" என்று சொல்ல வேண்டும். பெரிய தாளாகவே தராமல் ஆயிரமும் ஐந்நூறும் கலந்து கேளுங்கள். முற்பணம் கொடுக்கும் நாளுக்கு முன், அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் ஒரு 1,000 ரூபாய் தாளை வைத்து, இந்த மூன்று வேலையையும் ஒவ்வொருவரையும் கையால் செய்யச் சொல்லுங்கள். கண் மங்கிய பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லப் பழகட்டும்.

உழைத்த கூலியைப் போராடி வாங்குகிறோம். வாங்கிய கூலி நல்ல தாளாக வீடு போய்ச் சேரவும் பார்த்துக்கொள்வோம்.