அப்பாவோட புல்லட்டும் காணாமப் போன ஆயிலும்

போன எபிசோட்ல சர்வர் டவுன் ஆன கதையைப் பேசினோம். இந்த வாரம் அதே மாதிரி ஒரு கதைதான், ஆனா சர்வர் இல்ல, வண்டி. எங்க அப்பாவோட புல்லட் 350, 1984 மாடல். தப்பு பண்ணது வழக்கம்போல நான்தான்.

அப்பா தவறி ஒரு வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் உடம்பு முடியாம இருந்தாரு. ஆக மொத்தம் மூணு வருஷமா வண்டி கும்பகோணத்துல எங்க வீட்டுத் திண்ணை ஓரத்துல, ஒரு பழைய போர்வைக்குள்ள நின்னுட்டு இருந்துச்சு. போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப அம்மா சொன்னாங்க, "ஒருத்தர் வந்து விலை கேட்டுட்டுப் போனாருடா. நீ ஓட்டப் போறியா, இல்ல கொடுத்துடட்டுமா? பொங்கலுக்குள்ள சொல்லிடு." அம்மா கோவமா சொல்லல. தினமும் கோலம் போட வர்றப்ப அந்தப் போர்வையைப் பார்க்கறது அவங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கு. அது எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுது.

சரி, ஸ்டார்ட் பண்ணிக் காட்டிடலாம்னு இறங்கினேன். நான் மெக்கானிக்கல் படிச்சுட்டு கோடிங் பக்கம் வந்தவன். நாலு வருஷம் படிச்சதுக்கு இதுகூடத் தெரியாதான்னு ஒரு திமிர். பழைய பெட்ரோலைப் பிடிச்சுக் கொட்டினேன், கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவினேன், பாயிண்ட்ஸை உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சேன், புது பேட்டரி போட்டேன். பிளக்ல நீலமா ஸ்பார்க் வந்துச்சு. கடைசியா ஆயில். மூடியோட சேர்ந்து இருக்கற குச்சியை எடுத்துப் பார்த்தா, முனையில கொஞ்சம்கூட ஒட்டல. மூணு வருஷம் நின்ன வண்டி, எங்கயோ கசிஞ்சிருக்கும்னு நினைச்சு, ஒன்றரை லிட்டர் ஊத்தி மேல் கோடு வரைக்கும் கொண்டு வந்தேன்.

இங்கதான் பக் இருக்கு. வண்டி நின்ன இடத்துல தரையில ஒரு சொட்டு ஆயில் கறைகூட இல்ல. கசிஞ்சிருந்தா கறை இருக்கணும்ல? டேட்டா எங்க போச்சுன்னு பார்க்காம புது டேட்டாவை எழுதறவனை ஆபீஸ்ல நான் என்ன திட்டு திட்டுவேன்!

கிக்கரை மிதிச்சா கல்லு மாதிரி இருந்துச்சு. பத்துப் பதினஞ்சு மிதில எப்படியோ பிடிச்சிருச்சு. ரெண்டே செகண்டுதான் சந்தோஷம். சைலன்ஸர்லருந்து வெளுப்பும் நீலமுமா புகை, பக்கத்து வீடு தெரியல. பிரீதர் டியூப் வழியா ஆயில் பீச்சி அடிச்சு வாசல் கோலத்து மேலயே விழுந்துச்சு. ஆஃப் பண்ணிட்டேன். அம்மா கதவுக்கிட்ட நின்னு பார்த்துட்டு, ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டாங்க. திட்டியிருந்தாகூடப் பரவால்லன்னு இருந்துச்சு.

சாயங்காலம், அப்பா வண்டியை இருபது வருஷமா பார்த்த மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டேன். வந்தாரு. குனிஞ்சு தரையைப் பார்த்தாரு. "தம்பி, ஆயில் கம்மியா இருந்துச்சு சரி. எங்க போச்சுன்னு பார்த்தீங்களா?" அவ்ளோதான் கேட்டாரு.

அவரு விளக்கினதை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி சொல்றேன். இன்னிக்கு நீங்க ஓட்டற பெரும்பாலான பைக்குல ஆயில் இன்ஜினுக்கு அடியிலயே கிடக்கும். அது வெட் சம்ப். இந்தப் பழைய இரும்பு இன்ஜின் புல்லட் டிரை சம்ப். கிராங்க் சுத்தற அறை வேற, ஆயில் டேங்க் வேற. ஆனா டேங்க் தனியா வெளிய தெரியாது. அதே வார்ப்புக்குள்ள, கிராங்க் அறைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும். ரெண்டு பம்ப் உண்டு. ஒண்ணு டேங்க்லருந்து ஆயிலை எடுத்து, ஃபில்டர் வழியா கிராங்குக்கு அனுப்பும். இன்னொண்ணு கீழ விழற ஆயிலை உறிஞ்சித் திருப்பி அனுப்பும். திருப்பி அனுப்பற பம்ப்புக்குக் கொள்ளளவு அதிகம், அதனால ஓடறப்ப கிராங்க் அறையில ஆயில் தேங்காது.

பிரச்சனை நிக்கறப்பதான். பம்ப்பு முகம் கொஞ்சம் தேஞ்சிருந்தாப் போதும், டேங்க்ல இருக்கற ஆயில் மெதுவா, சொட்டுச் சொட்டா, கிராங்க் அறைக்கு இறங்கிடும். வெளிய ஒரு கறையும் இருக்காது. குச்சி காலின்னு சொல்லும், ஆனா ஆயில் முழுக்க இன்ஜினுக்குள்ளயேதான் இருக்கும். அது மேல நான் ஒன்றரை லிட்டர் ஊத்தியிருக்கேன். மொத்த டேங்க்கே சுமார் ரெண்டே கால் லிட்டர்தான்!

அண்ணன் அடியில ஒரு பெயிண்ட் டப்பாவை வச்சு, கிராங்க் அறை டிரெயின் போல்ட்டைக் கழட்டினாரு. கருப்பு ஆயில் வந்துக்கிட்டே இருந்துச்சு. லிட்டர் கேன்ல அளந்து பார்த்தோம், ஒரு லிட்டருக்கும் மேல. நல்லவேளை, பெருசா ஒண்ணும் உடையல. இன்னும் கொஞ்சம் முரட்டுத்தனமா மிதிச்சிருந்தா சீல் போயிருக்கும்னாரு.

அப்புறம் அவரு செஞ்ச வரிசையை எழுதி வச்சுக்கங்க. ரொம்ப நாள் நின்ன வண்டி வீட்ல இருந்தா உதவும்.

முதல்ல டேங்க், கிராங்க் அறை ரெண்டையும் முழுசா வடிச்சாரு. ரெண்டாவது, டைமிங் கவருக்குள்ள இருக்கற ஃபில்டரை மாத்தி, அந்தக் குழியில புது ஆயிலை நிரப்பி மூடினாரு. காலியா விட்டா பம்ப் முதல்ல அந்தக் குழியைத்தான் நிரப்பும், அது வரைக்கும் பிக் எண்ட் காஞ்சு ஓடும். இந்த இன்ஜின்ல பிக் எண்ட் ஒரு புஷ்தான், ஆயில் இல்லாம ஓடினா தேஞ்சுரும். மூணாவது, 20 டபிள்யூ 50 ஆயில் ஊத்தினாரு. நாலாவது, பிளக்கைக் கழட்டி, சிலிண்டருக்குள்ள ரெண்டு ஸ்பூன் ஆயில் விட்டு, இக்னிஷன் ஆஃப்ல நாப்பது தடவை மெதுவா மிதிக்கச் சொன்னாரு. அஞ்சாவது, மேல ராக்கருக்குப் போற பைப் போல்ட்டை லேசா தளர்த்திப் பார்த்தாரு. அங்க ஆயில் கசிஞ்சு வந்தாத்தான் ஓட்டம் இருக்குன்னு அர்த்தம். வந்துச்சு. இறுக்கிட்டாரு.

கியர் பாக்ஸுக்கும் பிரைமரி செயினுக்கும் ஆயில் தனித்தனின்னு அப்பதான் எனக்குத் தெரியும். மூணு இடம், மூணு மூடி.

அப்புறம் ஆம்ஸ் மீட்டர் முள் நடுவுக்கு வர்ற வரைக்கும் கிக்கரை மெல்ல அழுத்தி, டிகம்ப்ரஸரைப் பிடிச்சு இம்மி நகர்த்தி, விட்டுட்டு, ஒரே மிதி. டுப் டுப்னு பிடிச்சுது. புகை ஒரு நிமிஷத்துல அடங்குச்சு. அம்மா வந்து, "இரு, இரு"ன்னு சொல்லிட்டு, உள்ளருந்து ஒரு அட்டைப் பெட்டியைப் பிரிச்சுக் கொண்டாந்து இன்ஜினுக்கு அடியில போட்டாங்க. "உங்க அப்பா தினமும் இதைப் போட்டுத்தான் நிறுத்துவாரு. காலைல அதைப் பார்த்துட்டுத்தான் வண்டியை எடுப்பாரு."

நான் அந்த வீட்லயே பதினேழு வருஷம் வளர்ந்தவன். அந்த அட்டையை நான் கவனிச்சதே இல்ல.

இன்னொண்ணும் அப்ப ஞாபகம் வந்துச்சு. அப்பா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமை சாயங்காலமும் வண்டியை எடுத்துட்டு தாராசுரம் வரைக்கும் போய்ட்டு வருவாரு. வேலை ஒண்ணும் இருக்காது. சும்மா பந்தாவுக்குப் போறாருன்னுதான் நாங்க கிண்டல் பண்ணுவோம். அண்ணன்கிட்ட சொன்னேன். சிரிச்சாரு. "வாரம் ஒரு தடவை ஓடினா இறங்கின ஆயில் திரும்ப டேங்க்குக்குப் போயிரும் தம்பி. நான்தான் அவருக்குச் சொன்னேன்."

இந்த வண்டியைப் பத்தி ஒரு சின்னத் தகவல். 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்து கம்பெனியோட சேர்ந்து புல்லட்டை இங்க செய்ய ஆரம்பிச்சாங்க. அப்புறம் திருவொற்றியூர்ல ஃபேக்டரி. இங்கிலாந்துல அந்தக் கம்பெனி மூடின பிறகும் நம்ம ஊர்ல அதே இன்ஜின் பல வருஷம் தொடர்ந்து வந்துச்சு. அதனாலதான் நாப்பது வருஷ வண்டிக்கும் இன்னிக்கு பார்ட்ஸ் கிடைக்குது.

பேப்பர் வேலையையும் மறந்துராதீங்க. ஓனர் இறந்துட்டா 30 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் சொல்லணும், மூணு மாசத்துக்குள்ள ஃபார்ம் 31 கொடுத்து பேரை மாத்தணும். நான் லேட், அதுக்கும் சேர்த்துக் கட்டினேன். 15 வருஷம் தாண்டின வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்கணும்.

இப்ப நிலவரம்? பொங்கலுக்கு அம்மாகிட்ட, கொடுக்க வேண்டாம்னு சொல்லிட்டேன். "நீ சென்னையில இருக்க, யாருடா ஓட்டறது?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. மாசம் ரெண்டு தடவை நான் போறேன், நடுவுல உள்ள வாரங்கள்ல அண்ணன் வந்து எடுக்கறாரு. தாராசுரம் போய்த் திரும்பி, சூடா இருக்கறப்ப ஒரு நிமிஷம் விட்டுத்தான் குச்சியைப் பார்க்கறேன். நின்ன வண்டியில பார்த்தா அது பொய் சொல்லும். முதல் 300 கிலோமீட்டர்ல ஒரு தடவை ஆயில் மாத்தியாச்சு, இனிமே 2,000க்கு ஒரு தடவை.

உங்க வீட்லயும் போர்வைக்குள்ள ஒரு வண்டி நின்னா, ஆயில் ஊத்தறதுக்கு முன்னாடி கீழ இருக்கற போல்ட்டைக் கழட்டிப் பாருங்க. அதை யாரு பார்த்துக்கிட்டாங்களோ, அந்த மெக்கானிக்கையும் தேடிப் பிடிங்க. அவருக்குத் தெரிஞ்ச பாதி எந்த மேனுவல்லயும் இல்ல.

அடுத்த வாரம் பார்ப்போம்.