பைபிளும் பூர்வாபரமும்



பைபிளைப் பற்றி நம்பிக்கையாளர்களோடு நாம் வாதம் செய்கிறபோதெல்லாம், "நீங்கள் பூர்வாபரம் பாராமல் ஒரு வசனத்தைப் பிய்த்தெடுத்துப் பேசுகிறீர்கள்" என்ற பதில்தான் முதலில் வருகின்றது. இதைக் கேட்டவுடன் நம்மில் சிலர், தப்பித்துக்கொள்ளும் தந்திரமென்று சிரித்துவிடுகிறார்கள். சில சமயங்களில் அது தந்திரந்தான். ஆனால் சில சமயங்களில் அது முற்றும் நியாயமான ஆட்சேபணை என்பதை நாம் ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும்.

லூக்கா 19-ம் அதிகாரம் 27-ம் வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தன் ஆட்சியை ஏற்காத விரோதிகளைப் பிடித்துவந்து தன் கண்முன் வெட்டும்படியான கட்டளை அதிலிருக்கின்றது. இது ஏசு தமது சீடர்களுக்கிட்ட உத்தரவு என்று மேடைகளில் அடித்துப் பேசுகிறவர்கள் உண்டு. 11-ம் வசனத்திலிருந்து படித்தாலோ, இது ஏசு சொன்ன ஒரு கதையென்பதும், அந்தப் பேச்சு கதையில் வரும் ராஜாவின் பேச்சென்பதும் விளங்கிவிடும். அப்படிப்பட்ட ராஜாவை எதற்காகக் கதையில் வைத்தார், அவன் யாருக்கு அடையாளம் என்று தாராளமாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் ராஜாவின் வாய்ச்சொல்லையே கதை சொன்னவரின் உத்தரவாகக் காட்டுவது யோக்கியமான வாதமாகாது.

இவ்விதம் பிய்த்தெடுப்பதற்கு அந்தப் புத்தகத்தின் அமைப்பே வசதியாயிருக்கின்றது. வசனங்களின் எண்கள் மூலநூலை எழுதினவர்கள் போட்டவையல்ல. இன்று புதிய ஏற்பாட்டில் காணும் எண்கள் 1551-ல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் போட்டவை. எண் போட்டுத் துண்டு துண்டாக வைத்துவிட்டால், துண்டை மாத்திரம் எடுத்துப் போவது எவருக்கும் சுலபந்தானே!

நிற்க, இந்தக் குற்றம் நாஸ்திகர்களுக்கு மாத்திரம் சொந்தமா? எரேமியா 29-ம் அதிகாரம் 11-ம் வசனம், நல்ல எதிர்காலம் கிடைக்குமென்ற வாக்குறுதியாக எத்தனையோ கிறிஸ்தவர்களின் வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றது. அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போகப்பட்ட யூதர்களுக்கு எழுதின கடிதம். அதற்கு முந்திய வசனமோ 70 வருஷம் கழிந்த பிறகுதான் விடுதலை என்கின்றது. அதாவது, கடிதத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் செத்துப்போன பிறகுதான்! அந்த வசனத்தை எவரும் சுவரில் மாட்டுவதில்லை.

இதாவது போகட்டும், சுவரலங்காரத்தால் எவருக்கும் காயம் உண்டாவதில்லை. அமெரிக்காவில் அடிமையாயிருந்து தப்பிவந்த பிரடரிக் டக்ளஸ் 1845-ல் வெளியிட்ட சுயசரிதையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். அவருடைய எஜமான் மதப்பற்று மிகுந்தவர். அவர் ஊனமுற்ற ஒரு இளம்பெண்ணைக் கட்டிவைத்து இரத்தம் வழியச் சவுக்காலடித்துவிட்டு, அதற்கு நியாயமாக ஒரு பைபிள் வசனத்தைச் சொல்லுவாராம். எஜமானனுடைய சித்தத்தை அறிந்தும் செய்யாத வேலைக்காரன் அநேக அடிகள் படுவான் என்னும் கருத்துள்ள லூக்கா 12-ம் அதிகாரம் 47-ம் வசனம் அது. இதுவும் ஒரு கதையில் வருவதுதான். அதே கதையில் இரண்டு வசனங்களுக்கு முன்னால் பாருங்கள்: எஜமான் வரத் தாமதமாகிறது என்று எண்ணி வேலைக்காரர்களையும் வேலைக்காரிகளையும் அடிக்கத் தொடங்குகிறவனே அங்கே தண்டனைக்குரியவனாகச் சொல்லப்படுகிறான்! ஒரு பெண்ணின் முதுகைப் பிளக்க 47 தேவைப்பட்டது, 45 தேவைப்படவில்லை.

ஒரு வசனத்தை மறைத்தது போதாதென்று புத்தகத்தையே வெட்டினவர்களும் உண்டு. மேற்கிந்தியத் தீவுகளின் ஆப்பிரிக்க அடிமைகளுக்கென்று 1807-ல் லண்டனில் ஒரு பைபிள் அச்சிடப்பட்டது. 1189 அதிகாரங்களில் அதில் சேர்க்கப்பட்டவை சுமார் 232 மாத்திரமே. யோசேப்பு அடிமையாக விற்கப்பட்ட கதை இருந்தது. இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தளையை விட்டு வெளியேறிய கதை இல்லை. எஜமான்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் நிருபப் பகுதி இருந்தது. அடிமையென்றும் சுயாதீனனென்றும் பேதமில்லை என்கிற கலாத்தியர் பகுதி இல்லை.

ஆகவே முழுவதும் படிக்கச் சொல்லுவதற்கு நாம் ஏன் பயப்படவேண்டும்? பூர்வாபரம் பார்த்தால் எல்லாக் கறையும் போய்விடும் என்று நண்பர்கள் நினைப்பதுதான் தவறு. யாத்திராகமம் 21-ம் அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து படியுங்கள். எபிரேய அடிமைக்கு ஏழாம் வருஷம் விடுதலை என்றிருக்கின்றது. அடித்துக் கண்ணையோ பல்லையோ போக்கினால் அடிமையை விட்டுவிடவேண்டுமென்றும் இருக்கின்றது. இவற்றை நாமே எடுத்துச் சொல்லுவோம். ஆனால் அடிபட்டவன் ஓரிரு நாள் உயிரோடிருந்துவிட்டால் எஜமானுக்குத் தண்டனையில்லை, ஏனெனில் அடிமை அவனுடைய பணம் என்கிற 21-ம் வசனமும் இவற்றின் நடுவில்தானே இருக்கின்றது! லேவியராகமம் 25-ம் அதிகாரமோ அந்நிய ஜாதி அடிமைகளைப் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப்போகலாம் என்கின்றது. இங்கே முன்பின் படிக்கப் படிக்கச் சங்கதி இன்னும் கெட்டியாகிறதேயொழிய இளகவில்லை.

தாமஸ் பெயின் தமது "பகுத்தறிவின் யுகம்" என்ற நூலின் முதற்பாகத்தைப் பாரிசில் எழுதியபோது அவர் கையில் பைபிளே இல்லை. 1795-ல் வெளிவந்த இரண்டாம் பாகத்தின் முன்னுரையில் அவரே அதைச் சொல்லிவிட்டு, இப்போது பைபிளை வாங்கிப் படித்துப் பார்த்ததில், முன் நினைத்திருந்ததைவிட அது மோசமாகவே இருக்கக் கண்டதாகவும் எழுதினார்.